ஜிம் கார்பெட்: காலித் தோட்டாவைத் திருப்பிக் கொடுத்த சிறுவன்... ஈயக் குண்டும் செம்பு உறைக்குண்டும் சொல்லும் வேட்டைக்காரர் கதை

என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு இந்தக் காட்சி ஞாபகம் இருக்கும். குப்புறப் படுத்து ஐந்து ரவுண்டு சுட்டதும் ஹவில்தார் வந்து நிற்பார். புல்லுக்குள் கிடக்கும் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி எண்ணிக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மொத்த பேட்ச்சும் வெயிலில் தேட வேண்டியதுதான். நான் தேடியிருக்கிறேன்.

ஏறக்குறைய 140 வருஷத்துக்கு முன்னால், நைனிதாலில் ஒரு பத்து வயசுப் பையனுக்கும் இதே நிபந்தனை. பள்ளி கேடட் படையில் அவன் நன்றாகச் சுடுவதைப் பார்த்த சார்ஜென்ட் மேஜர், ஒரு .450 மார்ட்டினி துப்பாக்கியை லீவுக்கு வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். தோட்டா எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் துப்பாக்கியைச் சுத்தமாக வைத்திருக்கணும், சுட்ட காலிக் கூடுகளைத் திருப்பித் தரணும். அந்தப் பையன்தான் பின்னாளில் ஜிம் கார்பெட்.

கார்பெட் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது புலிகளும் உத்தராகண்ட் தேசியப் பூங்காவும்தான். ஆனால் துப்பாக்கிக் குண்டு என்கிற சின்ன உலோகத் துண்டு தலைகீழாக மாறிய காலமும் அவர் வாழ்ந்த காலமும் ஒன்றுதான். வெறும் ஈயத்தில் ஆரம்பித்துச் செம்பு உறை போட்ட குண்டில் முடிந்த வாழ்க்கை அது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ காக்களூர் எஸ்டேட்டிலோ டூல் ரூமில் வேலை பார்க்கிறவர்கள் இதைப் படித்தால், நடுவில் வரும் டை விஷயம் இன்னும் சீக்கிரம் பிடிபடும்.

நைனிதால் பையன்

1875 ஜூலை 25-ல் நைனிதாலில் பிறந்தார் கார்பெட். பெரிய குடும்பம். அப்பா அந்த ஊர் போஸ்ட் மாஸ்டர். பையனுக்கு ஐந்தாறு வயசு இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். கோடையில் நைனிதால், குளிர்காலத்தில் அடிவாரக் காடான காலாதுங்கி என்று வளர்ந்தார். ஆங்கிலேயக் குடும்பம்தான், ஆனால் குமாவுன் மலை மக்களின் பேச்சும் பழக்கமும் அவருக்குச் சொந்த பாஷை மாதிரி.

முதலில் கையில் கிடைத்தது ஓர் ஓட்டைத் துப்பாக்கி. இரட்டைக் குழல், வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற ரகம். வலது குழல் எப்போதோ அதிக மருந்தில் வெடித்துப்போய்விட்டது. கட்டையைப் பித்தளைக் கம்பி சுற்றிக் கட்டி வைத்திருந்தார்கள். மிச்சமிருந்த இடது குழலை வைத்துத்தான் பழகினான். மருந்தும் ஈயமும் கைக்குச் சுலபமாகக் கிடைக்காது. அதனால் ஒவ்வொரு வெடியையும் யோசித்துத்தான் வீணாக்காமல் சுட வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த மார்ட்டினி. தோளில் பலமாக உதைக்கிற துப்பாக்கி. பெரிய ஆட்களே முகம் சுளிப்பார்கள். அதை வைத்துத்தான் பையன் தன் முதல் சிறுத்தையைச் சுட்டான். முதல் குண்டில் அது சாகவில்லை. ரத்தத் தடத்தைப் பின்தொடர்ந்து போய் இன்னொரு முறை சுட வேண்டியிருந்தது. காயம்பட்ட மிருகத்தை அப்படியே விட்டுவிட்டு வரக்கூடாது என்பது அவருக்கு அந்த வயசிலேயே பதிந்துவிட்டது. இது ஏன் முக்கியம் என்பது 1907-க்கு வரும்போது தெரியும்.

மார்ட்டினியின் ஈயக் குண்டு

மார்ட்டினி ஹென்றி தோட்டாவின் குண்டு 480 கிரெய்ன், அதாவது சுமார் 31 கிராம். நம் பத்து ரூபாய் நாணயங்கள் நான்கைச் சேர்த்தால் வரும் எடை. ஈயத்தில் கொஞ்சம் வெள்ளீயம் கலந்து செய்தது, உறை கிடையாது. குழலுக்குள் ஈயம் ஒட்டாமலிருக்க வெறும் காகிதத்தைச் சுற்றியிருப்பார்கள். கரும்புகை மருந்து அதை வினாடிக்குச் சுமார் 410 மீட்டர் வேகத்தில் தள்ளும். அந்த வேகத்துக்கு ஈயம் தாங்கும்.

1880-களின் நடுவில் புகையில்லா மருந்து வந்ததும் நிலைமை மாறியது. வேகம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. வெறும் ஈயக் குண்டு அந்த வேகத்தில் குழலின் சுழல்வரிப் பள்ளங்களைப் பிடித்துச் சுழலாமல் வழுக்கும். வழுக்கும்போது ஈயம் உரிந்து குழலுக்குள் அப்பிக்கொள்ளும். நாலு வெடி வெடித்தாலே குறி தப்பும். இதற்குத் தீர்வாக அமைந்தது, 1882-லேயே சுவிட்சர்லாந்து ராணுவ அதிகாரி எட்வார்ட் ரூபின் ஈயத்துக்கு மேல் போட்ட செம்பு உறை. இன்றைக்கு உலகம் முழுக்க ரைபிளில் போடுகிற குண்டுகளில் பெரும்பாலானவை அந்த யோசனையின் வாரிசுகள்தான்.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. கொல்கத்தா பக்கம் டம்டம் ஆயுதசாலையில் 1890-களில், உறையின் மூக்கைத் திறந்துவிட்டு உள்ளே இருக்கும் ஈயம் தெரிகிற மாதிரி குண்டு செய்தார்கள். உடம்பில் பட்டதும் விரிந்து பெரிய காயம் உண்டாக்கும். மனிதர்கள் மேல் விரியும் குண்டுகளைப் பயன்படுத்தக்கூடாது என்று 1899 ஹேக் மாநாட்டில் பிரகடனம் வந்தது. டம்டம் என்ற ஊர்ப் பெயர் அந்தக் குண்டுக்கே பெயராக ஒட்டிக்கொண்டது. வேட்டையில் மட்டும் மூக்கு திறந்த குண்டு தொடர்ந்தது. முழு உறை போட்ட குண்டு மிருகத்தைத் துளைத்து மறுபக்கம் போய்விடும், மிருகம் காயத்தோடு ஓடிவிடும் என்பது காரணம்.

ரயில்வே காண்ட்ராக்டர்

பள்ளி முடித்த கையோடு ரயில்வேயில் எரிபொருள் இன்ஸ்பெக்டர் வேலை. எஞ்சினுக்கு விறகு வெட்டி அனுப்புவதுதான் அதில் பாதி. அப்புறம் பீகாரில் கங்கைக் கரையோரம் மொகாமா காட்டில் சரக்கு மாற்றும் காண்ட்ராக்ட். அகலப் பாதை ரயிலில் வரும் மூட்டைகளை இறக்கி, ஆற்றைத் தாண்டி, மீட்டர் கேஜ் ரயிலில் ஏற்ற வேண்டும். நம் ஊர் லோடிங் காண்ட்ராக்ட் போலத்தான். கூலிகளோடு தானும் கூடை தூக்கியவர். சுமார் 20 வருஷம் அங்கேதான் இருந்தார். புலி வேட்டைக்குப் போனதெல்லாம் லீவு போட்டுவிட்டுத்தான் என்பது பலருக்கும் தெரியாது.

சம்பாவத், 1907

நேபாளத்திலும் பிறகு குமாவுனிலும் சேர்த்து 436 பேரைக் கொன்றதாகக் கணக்கில் உள்ள பெண் புலி அது. நேபாளத்திலிருந்து விரட்டப்பட்டு இந்தியப் பக்கம் வந்தது. சம்பாவத் பக்கத்து கிராமங்களில் ஜனங்கள் கதவைத் திறக்கவே பயந்து கிடந்தார்கள். வயலில் விளைந்தது அறுக்க ஆளில்லாமல் நின்றது.

கார்பெட் ஊர் ஜனங்களையும் தாசில்தாரையும் சேர்த்துக்கொண்டு மலைச்சரிவில் சத்தம் போட்டுப் புலியைக் கிளப்ப ஏற்பாடு செய்தார். தன் கையில் வைத்திருந்தது மூன்றே தோட்டா. இரண்டு வெடிக்கு மேல் வாய்ப்பு கிடைக்காது, மூன்றாவது அவசரத்துக்கு என்பது அவர் கணக்கு. மூன்றும் தீர்ந்தது, புலி அடிபட்டும் விழவில்லை. ஓடிப்போய் தாசில்தார் கையிலிருந்த பழைய துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வந்தார். அதன் குழலுக்கும் பின்கட்டைக்கும் நடுவே இடைவெளி தெரிந்தது. வெடித்தால் சுடுகிறவர் கண்ணே போகலாம். வேறு வழியில்லை. திறந்திருந்த வாயைக் குறிவைத்துச் சுட்டார். குண்டு பட்டதோ முன்னங்காலில். முன்பே பட்ட காயங்களில் செத்துக்கொண்டிருந்த புலி அப்படியே சாய்ந்தது.

அதற்குப் பிறகு அவர் பார்த்ததுதான் இந்தக் கதையின் மையம் என்று எனக்குத் தோன்றுகிறது. புலியின் வலது பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. மேலே பாதி, கீழே எலும்பு வரை. எப்போதோ யாரோ சுட்ட குண்டு. சரியாகப் படவும் இல்லை, சுட்டவர் தேடிப்போய் முடிக்கவும் இல்லை. மானையும் பன்றியையும் பிடிக்க முடியாமல் போன புலி மனிதர்களிடம் வந்தது என்பது கார்பெட்டின் முடிவு. 436 உயிருக்குப் பின்னால் ஒரு தவறான வெடி.

அந்த வேட்டைக்குப் பரிசாக ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹ்யூவெட் ஒரு துப்பாக்கி கொடுத்தார். வெள்ளித் தகட்டில் விவரம் பொறித்த .275 ரிக்பி. கார்பெட்டின் பெயரோடு கடைசி வரை ஒட்டிக்கொண்ட துப்பாக்கி இதுதான்.

சரி, டை எங்கே வருகிறது?

காலிக் கூட்டைத் திருப்பிக் கொடு என்று சொன்னதற்கு ஒரு காரணம் கணக்கு. இன்னொரு காரணம், தோட்டாவில் விலை அதிகமுள்ள பாகம் அந்தப் பித்தளைக் கூடுதான். குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும். கூடு மட்டும் மிஞ்சும். பல நாடுகளில் இலக்குச் சுடுதல் வீரர்களும் வேட்டைக்காரர்களும் அதே கூட்டில் புது கேப், புது மருந்து, புது குண்டு வைத்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். அதற்கு வேண்டிய அச்சுதான் டை.

பித்தளைத் தகட்டை வட்டமாக வெட்டி, கிண்ணமாக அழுத்தி, படிப்படியாக நீட்டித்தான் கூடு செய்கிறார்கள். பிரஸ் ஷாப்பில் டீப் டிராயிங் பார்த்தவர்களுக்குப் புதுசில்லை. வெடிக்கும்போது கூடு ஊதிப்போய்த் துப்பாக்கியின் அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதைப் பழைய அளவுக்கு அமுக்குவது முதல் டை. அமுக்கிய பிறகு கழுத்து கொஞ்சம் அதிகமாகவே இறுகிவிடும். அதனால் டைக்குள் ஒரு கம்பியும், கம்பியில் ஒரு சின்ன உருண்டையும் இருக்கும். கூட்டை வெளியே இழுக்கும்போது அந்த உருண்டை கழுத்தை உள்ளிருந்து திறந்துவிடும். குண்டை உட்கார வைப்பது இரண்டாவது டை. பாட்டில் போலக் கழுத்துள்ள ரைபிள் கூடுகளுக்கு இந்த இரண்டு டை கொண்ட செட்தான் வழக்கம்.

இப்போது கார்பெட்டின் .275 ரிக்பியை எடுத்துக்கொள்வோம். முதலில் ஒரு பெயர்க் குழப்பம். 1892-ல் ஜெர்மனியின் மவுசர் கொண்டுவந்த 7×57 தோட்டாதான் இது. லண்டன் துப்பாக்கிக் கம்பெனி தன் வழக்கப்படி அங்குலத்தில் பெயர் மாற்றியது, அவ்வளவுதான். எனவே 7×57 என்று அச்சிட்ட டையே இதற்குப் போதும். பெயரில் .275 இருக்கிறதே என்று குண்டையும் .275 அங்குலத்தில் தேடினால் ஏமாற்றம்தான். குண்டின் விட்டம் .284 அங்குலம், அதாவது 7.2 மில்லிமீட்டர் சொச்சம்.

உறைக்குண்டு என்றால் வேலை சுலபம். ஃபாக்டரியிலிருந்து எல்லாக் குண்டும் ஒரே அளவில் வரும். உருண்டையின் விட்டம் குண்டைவிட ஓரிரண்டு தவ் குறைவாக இருக்கும். தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பழைய லேத்காரர்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். செம்பு கெட்டி. இறுக்கமான கழுத்துக்குள் தள்ளினாலும் உரியாது. கழுத்து குண்டைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும்.

வார்த்த ஈயக் குண்டு வேறு ஜாதி. இரண்டு விஷயம் இதில் மாறும். குழலின் பள்ளங்களை முழுக்க அடைத்து வாயு கசியாமல் இருக்க, ஈயக் குண்டை ஒன்று முதல் மூன்று தவ் வரை பெரியதாக வைப்பார்கள். .284 என்பது .285, .286 ஆகும். ஈயமோ மெத்து. உறைக்குண்டுக்கான டையில் கழுத்தைத் திறந்துவிட்டு ஈயக் குண்டை அதில் தள்ளினால், கழுத்து விளிம்பு கத்தி மாதிரி குண்டின் ஓரத்தைச் சீவிவிடும். உள்ளே போன பகுதியும் நசுங்கிச் சிறுத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தோட்டா அழகாக இருக்கும். சுட்டால் சிறுத்த குண்டைச் சுற்றி வாயு பீறிட்டு ஈயத்தை உருக்கும், குழலில் அப்பும், குறி போகும்.

அதனால் வார்ப்பு குண்டுக்கு மூன்றாவதாக ஒரு டை வேண்டும். இதன் உள்கம்பி இரண்டு படி கொண்டது. முதல் படி கழுத்தை குண்டின் அளவுக்குக் கொஞ்சம் மட்டுமே குறைவாகத் திறக்கும். மேலே இருக்கும் இரண்டாவது படி, கூட்டின் வாயை மட்டும் குண்டைவிட ஒரு பொடி பெரியதாக விரிக்கும். குண்டு சீவப்படாமல் நேராக உட்காரும். விரிந்த வாயைக் கடைசியில் திரும்ப நேராக்க வேண்டும், இல்லாவிட்டால் தோட்டா அறைக்குள் போகாது. உட்கார வைக்கும் டையில் குண்டின் மூக்கை அழுத்துகிற தண்டும் கவனிக்க வேண்டியது. கூர்மூக்கு உறைக்குண்டுக்குச் செய்த தண்டு, மழுங்கிய ஈய மூக்கில் தடம் பதித்துவிடும்.

இரண்டு ரகக் குண்டையும் சுடுகிற ஒருவர் தனித்தனியாக இரண்டு முழு செட் வாங்க வேண்டுமா? தேவையில்லை. அமுக்கும் டை ஒன்றுதான். கழுத்தைத் திறக்கும் கம்பியும் உட்கார வைக்கும் தண்டும்தான் மாறும். என்னைக் கேட்டால், கம்பெனி பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் மைக்ரோமீட்டர் எடுத்து அந்த உருண்டையின் விட்டத்தை அளப்பதே முதல் வேலை.

படிக்கிறவர்கள் யாரும் பிரஸ் தேடிக் கிளம்பிவிட வேண்டாம். இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும். அது இல்லாமல் செய்தால் ஜெயில்தான்.

கையில் முட்டை, தோளில் துப்பாக்கி

.275 ரிக்பியின் குண்டு 140 கிரெய்ன், சுமார் 9 கிராம். மார்ட்டினி குண்டின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வேகமோ வினாடிக்கு 800 மீட்டருக்கு மேல். புலிக்கு இது சின்னக் குண்டு என்று சொல்கிறவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. கார்பெட்டிடம் .450/400 இரட்டைக் குழல் ஒன்றும் இருந்தது. இருந்தாலும் முக்கியமான இரண்டு சந்தர்ப்பங்களில் கையில் இருந்தது ரிக்பிதான்.

முதலாவது ருத்ரபிரயாக். கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரைப் பாதையில் எட்டு வருஷம் ஆட்டிப்படைத்த சிறுத்தை. கணக்கில் உள்ள சாவு 125. மாமரத்தில் இரவுகளாகக் காத்திருந்து, 1926 மே மாதத் தொடக்கத்தில், கீழே கட்டியிருந்த ஆட்டின் மணிச் சத்தத்தை வைத்து டார்ச்சை அடித்துச் சுட்டார். சுட்டதுமே டார்ச் மங்கிவிட்டது. பட்டதா இல்லையா என்பது விடிந்த பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது 1930, சௌகர் பெண் புலி. ஓடைப் படுகையில் ஒரு பாறையைத் திரும்பினால், சில அடி தூரத்தில் படுத்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கார்பெட்டின் இடது கையில் பறவை முட்டைகள். முட்டை சேகரிக்கும் பழக்கம் அவருக்கு. வேகமாகத் திரும்பினால் பாயும். வலது கையால் மட்டும் துப்பாக்கியை அங்குலம் அங்குலமாகத் திருப்பிச் சுட்டார். கனமான துப்பாக்கியாக இருந்திருந்தால் ஒரு கையால் அதைத் திருப்பியிருக்க முடியாது. முட்டைகளைப் பத்திரமாகக் கூட்டிலேயே திரும்ப வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

தமிழ்நாட்டில் இதே மாதிரி ஒருவர் உண்டு: கென்னத் ஆண்டர்சன். ஓசூர், தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் காடுகளைப் பற்றி எழுதியவர், பெங்களூர் விமான ஃபாக்டரியில் வேலை பார்த்தவர், 1974-ல் இறந்தார். அவர் கையில் .405 வின்செஸ்டர். கழுத்தில்லாத நேர்க்கூடு, குண்டு .411 அங்குலம். நேர்க்கூடுகளுக்கு டை செட்டே மூன்றாகத்தான் வரும், வாய் திறக்கும் டை தனியாக. ஆனாலும் வார்ப்பு குண்டு போடுவதானால் அந்தக் கம்பியின் அளவைச் சரிபார்த்தே ஆகணும்.

கேமராவும் கென்யாவும்

முதல் உலகப் போரில் 500 குமாவுன் ஆட்களைத் திரட்டி பிரான்ஸுக்கு அழைத்துப்போனவர். இரண்டாம் உலகப் போரில் வயசு 65-ஐத் தாண்டியும் சிப்பாய்களுக்குக் காட்டுப் போர்ப் பயிற்சி கொடுத்தார். அதற்கு முன்பே அவர் மனசு மாறியிருந்தது. பரிசுக்காகவும் தோலுக்காகவும் புலி சுடுவதை விட்டுவிட்டு, சினிமா கேமராவோடு காட்டுக்குள் உட்கார ஆரம்பித்தார். 1936-ல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அமைந்ததில் அவருக்கும் பங்குண்டு. ஆட்கொல்லி வேட்டை மட்டும் 1938-ல் தாக் பெண் புலி வரை தொடர்ந்தது. 1944-ல் குமாவுன் ஆட்கொல்லிகள் பற்றிய முதல் புத்தகம் வந்து உலகம் முழுக்க விற்றது.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1947-ல் அக்கா மேகியோடு கென்யாவுக்குப் போய்விட்டார். 1952 பிப்ரவரியில் இளவரசி எலிசபெத் அங்கே மரத்தின் மேல் கட்டிய விடுதியில் தங்கிய இரவு, காவலுக்கு இருந்தவர் கார்பெட். அந்த இரவில்தான் சாண்ட்ரிங்ஹாமில் மன்னர் இறந்தார், இளவரசி ராணியானார். 1955 ஏப்ரல் 19-ல் நியெரியில் கார்பெட் காலமானார். 1957-ல் பூங்காவுக்கு அவர் பெயர் வைத்தார்கள். புலிகள் பாதுகாப்புத் திட்டம் 1973 ஏப்ரல் 1-ல் தொடங்கியதும் அங்கேதான். அதற்கு முந்தின வருஷமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, புலி வேட்டைக்கு வழியில்லாமல் போயிருந்தது.

அந்த .275 துப்பாக்கி கார்பெட்டின் பதிப்பகமான ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ் வசம் பல காலம் இருந்தது. 2015-ல் அதைச் செய்த ரிக்பி கம்பெனியே வாங்கிக்கொண்டது. அடுத்த வருஷம் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்து, கார்பெட் வாழ்ந்த காலாதுங்கி பக்கத்து ஜனங்களுக்குக் காட்டினார்கள். வெள்ளித் தகடு இன்னும் அதில் இருக்கிறது.